முதல் பதினாறு பக்கமும் கடைசிப் பதினாறு பக்கமும்

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கும். அதற்குள் பத்துப் பதினைந்து புத்தகம் இருக்கும். திறந்ததும் எல்லோர் கையும் அட்டைக்குத்தான் போகிறது. அட்டை கிழிந்திருந்தால் எடைக்குப் போய்விடுகிறது, நன்றாக இருந்தால் மட்டும் தனியே எடுத்து வைக்கிறார்கள். பழம்பதிப்பு சேர்க்க நினைப்பவர் இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அட்டை பெரும்பாலும் பிற்பாடு யாரோ போட்டது. நடுவில் இருக்கும் செய்யுளும் உரையும் இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். திரும்பக் கிடைக்காதவை முன்னாலும் பின்னாலும் இருக்கின்றன: நூலின் பெயர் அச்சான முதல் பக்கமாகிய முகப்பு, நூலைப் புகழ்ந்து பிறர் பாடிய சிறப்புப் பாயிரம், முகவுரை, பின்பக்கம் அரும்பத அகராதி, செய்யுள் முதற்குறிப்பு அகராதி, பிழையும் திருத்தமும், சில நூல்களில் கையொப்பமிட்டுப் பணம் உதவியவர்களின் பட்டியல். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் பதினாறு பக்கத்தையும் கடைசிப் பதினாறு பக்கத்தையும் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ.வே.சாமிநாதையரிடம், அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. புதிய ஏடு கிடைக்கக் கிடைக்க ஐயர் அடுத்த பதிப்பில் பாடத்தை, அதாவது மூலத்தின் சொல்வடிவத்தை, திருத்தினார், குறிப்பைக் கூட்டினார். ஆகவே படிப்பவருக்குப் பிந்திய பதிப்பே உதவும். முதற்பதிப்பை ஒருவர் தேடுகிறார் என்றால், அந்த ஆண்டில் ஐயர் கையில் எத்தனை ஏடு இருந்தது, எந்த இடத்தில் ஐயப்பட்டார் என்பதைப் பார்க்கத்தான். அந்தச் செய்தி முகவுரையில் இருக்கிறது. மணிமேகலைக்கு ஐயர் முன்னால் எழுதிச் சேர்த்த புத்த சரித்திரமும் பௌத்த தருமமும் சங்கமும் பற்றிய பகுதி பிறகு தனி நூலாகவே படிக்கப்பட்டது. அந்தப் பகுதி உதிர்ந்துபோன மணிமேகலைப் பிரதிக்குப் பழம்பதிப்பு என்ற மதிப்புப் பாதிதான்.

இந்தப் பக்கங்கள் முதலில் உதிர்வதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் நூல் முழுவதும் அச்சான பிறகே முகவுரை அச்சாகும். அதனால் அது தனி ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு), பக்க எண்ணும் தனி வரிசை, சிலவற்றில் தமிழ் எண். அட்டையைத் திறக்கும்போதெல்லாம் இழுவை விழுவது அந்த முதல் ஃபாரத்தின் தையல் மேல். கடைசி ஃபாரத்துக்கும் அதே கதிதான். தையல் அறுந்தால் இரண்டும் முதலில் போகும்.

முழுமையாக இருக்கிறதா என்று எண்ணுவது எளிது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில், ஓரமாக, ஒரு சிறு எண் இருக்கும். பதினாறு பக்க ஃபாரமானால் அந்த எண் 1, 17, 33, 49 என்ற பக்கங்களில் வரும். எட்டுப் பக்க ஃபாரமானால் 1, 9, 17, 25. பக்க எண் ஒழுங்காகப் போகிறது என்று நம்பிவிடாமல் இந்த அடி எண்ணையும் சரிபாருங்கள். பைண்டர் கையில் ஒரு ஃபாரம் இரண்டு முறை கட்டுப்பட்டு, அடுத்தது விடுபட்டுப் போவது உண்டு. மேலோட்டமாகப் புரட்டினால் தெரியாது. கடைசியில், உள்ளடக்கத்தில் சொன்ன அகராதியும் பிழைதிருத்தமும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முகப்பே இல்லாத பிரதி வந்தால் ஆண்டைக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கும். முகப்பு இருந்தாலும் பல நூல்களில் ஆங்கில ஆண்டு இருக்காது, ‘சர்வசித்து வருடம்’ என்று மட்டும் போட்டிருக்கும். அறுபது ஆண்டு வட்டத்தின் முதலாவதான பிரபவ ஆண்டு 1807, 1867, 1927, 1987 ஆகியவற்றின் சித்திரையில் பிறந்தது. சர்வசித்து வரிசையில் 21-ஆவது. 1867-உடன் 20 கூட்டினால் 1887. ஆனால் அதே பெயர் 1827-க்கும் 1947-க்கும் உண்டு. மூன்றில் எது என்பதைத் தாளும் எழுத்தும் அச்சுக்கூடத்தின் பெயரும்தான் சொல்ல வேண்டும். மாதமும் போட்டிருந்தால் இன்னொரு கணக்கு: தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும். மார்கழியின் பின்பாதிக்கும் அப்படியே. கலியுக ஆண்டு இருந்தால் 3101-ஐக் கழியுங்கள். சாலிவாகன சகம் என்றால் 78 கூட்டுங்கள். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழியுங்கள்.

இருபதாம் நூற்றாண்டுப் புத்தகமானால் விலையே தேதி சொல்லும். ‘ரூ. 2–8–0’ என்றிருந்தால் இரண்டு ரூபாய் எட்டணா, அதாவது 1957 ஏப்ரல் 1-க்கு முந்திய விலை. ‘ந.பை.’ என்று கண்டால் அது நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் நடுவில். முகவரியில் ‘சென்னை-1’ என்று இருப்பது ஆறு இலக்க அஞ்சல் எண்ணுக்கு முந்திய வழக்கம். அந்த எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். ஒன்று கவனியுங்கள்: விற்காமல் கிடங்கில் கிடந்த பழைய பிரதியின் மேல் பதிப்பகத்தாரே ரப்பர் முத்திரையால் புது விலை குத்துவார்கள். அச்சடித்த விலைக்கும் முத்திரை விலைக்கும் உள்ள வேறுபாட்டை மையிலேயே காணலாம். நூலுக்குத் தேதி அச்சடித்த விலைதான்.

எழுத்தும் ஒரு சாட்சி. லை, ளை, னை, ணை நான்கும் முன்னே கொம்பு இல்லாமல், தலைமேல் தும்பிக்கை வளைந்தாற்போல் இருந்தால் பழைய எழுத்து. ணா, றா, னா மூன்றும் தனிக்கால் இல்லாமல் ஒட்டிச் சுழித்திருக்கும். தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978-இல். ஆனால் ஈய எழுத்தை வாங்கி வைத்திருந்த அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எனவே பழைய எழுத்து இருப்பதால் மட்டும் 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்ட முடியாது. எதிர்ப்பக்கம் சான்று வலுவானது: ‘1950 பதிப்பு’ என்று சொல்லி விற்கும் நூலில் புது ‘லை’ இருந்தால் அது பிந்திய மறு அச்சு. விலக்கு, பெரியார் இயக்க வெளியீடுகள். ‘குடி அரசு’ 1935-இலேயே அந்த எழுத்துக்கு மாறிவிட்டது.

அதிகம் ஏமாறும் இடம் நிழற்படப் பதிப்பு. பழைய நூலின் பக்கங்களை அப்படியே படம் பிடித்து ஆஃப்செட்டில் அடித்தவை இவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் உ.வே.சா. பதிப்புகள் சிலவற்றை இவ்வாறு வெளியிட்டது. ஆராய்ச்சிக்கு மிக நல்ல நூல்கள், வாங்கிப் படிக்க வேண்டியவை. ஆனால் புது முகப்பைக் கிழித்துவிட்டுப் பழைய முகப்பை மட்டும் காட்டினால், 1889 என்று அதில் இருக்கும். கண் நம்பிவிடும், விரல் நம்பாது. தாளின் பின்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுத்தி அடித்த தாளில் வரி வரியாக மேடு தட்டும், சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கும் தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் மை பிதுங்கி, நடுவைவிட விளிம்பு கறுத்திருக்கும். ஆஃப்செட்டில் தாள் வழுவழு, மை ஒரே சீர், பழைய தாளின் கறைகூடக் கறுப்புப் புள்ளியாக அச்சாகியிருக்கும். வாங்குமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பின் படவடிவம் இருக்கிறதா என்று தேடி, முகப்பையும் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு எதைச் சேர்ப்பது? எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்பட்டால் எதுவும் நிறையாது. நம் மண்ணில் பதிப்பானவை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. தஞ்சை சரசுவதி மகால் வெளியீடுகளில் வரிசை எண் அச்சாகியிருக்கும், எண் வாரியாகச் சேர்க்கலாம். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911-இல் தோன்றியது. அதன் ‘தமிழ்ப் பொழில்’ இதழ் 1925 முதல் வருவது, பழைய துணர்கள் (தொகுதிகள்) கிடைத்தால் உதிரி இதழாக இருந்தாலும் விடாதீர்கள். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களும் திருப்பனந்தாள் காசி மடமும் வெளியிட்ட திருமுறை, பிரபந்த நூல்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு. விசேஷத்துக்கு இலவசமாகக் கொடுத்ததுதானே என்று எடைக்குப் போடுகிறார்கள். அவற்றின் முன்பக்கத்தில் எந்தத் திருநாளுக்கு, எந்த மடத்தலைவர் பட்டத்தில் இருந்த காலத்தில் வெளிவந்தது என்ற குறிப்பு இருக்கும். மடத்தின் வரலாற்றுக்கு அது ஆவணம். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சானது. முதற்பதிப்பு கண்ணில் படுவது அரிது. பின்வந்தவற்றில் சுருக்கப் பதிப்புகளும் கலந்திருக்கின்றன என்பதால் முகப்பைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று, எந்தப் பதிப்பகமும் போடாத பதிப்பு: வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்து, வீட்டிலேயே சேர்த்துத் தைத்த பைண்டு. டெல்டாவில் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு இல்லாத தெருவே ஒரு காலத்தில் கிடையாது, கதை நடப்பது நம் வாய்க்கால் வரப்பில் ஆயிற்றே. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை முதன்முறை வந்தபோது படம் வரைந்தவர் மணியம். பின்னால் அதே இதழில் மறுபடி வெளிவந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆகவே பைண்டின் காலத்தை அறிய முதலில் படத்தின் மூலையில் கையெழுத்தைப் பாருங்கள். அடுத்து அத்தியாயக் கணக்கு: முதல் பாகம் 57, இரண்டாவது 53, மூன்றாவது 46, நான்காவது 46, ஐந்தாவது 91, ஆக 293. சேர்த்தவருக்கு ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். சிலர் அந்த இடத்தில் விடுபட்ட அத்தியாயத்தைக் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைக் குறை என்று எடுத்தெறிய வேண்டாம், அந்தப் பைண்டுக்கு அது தனி மதிப்பு. பத்திரிகையின் நடுப்பின் துருப்பிடித்துத் தாளைப் பழுப்பாக்கியிருக்கும். பின்னை இழுக்காதீர்கள். பின்புறம் மடங்கிய இரு காலையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு முன்புறமாக எடுக்க வேண்டும்.

இனி பைண்டர். பழம்பதிப்புக்குக் கறையான் செய்ததைவிட அதிகக் கெடுதலை நல்லெண்ணத்தோடு போட்ட பைண்டிங் செய்திருக்கிறது. புத்தகத்தைக் கொடுத்ததும் அவர் பழக்கப்படி மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டிவிடுவார். கிரவுன் என்ற சிறிய அளவு நூலில் ஓரம் ஏற்கெனவே குறுகல். கால் அங்குலம் போனால் ஓரத்தில் பென்சிலில் எழுதிய பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொல்) போய்விடும், ஃபாரத்தின் அடி எண் போய்விடும், பத்திரிகைப் பைண்டானால் இதழின் தேதியே போய்விடும். கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அண்ணே, கட்டிங் வேண்டாம். மூணு ஓரமும் அப்படியே இருக்கட்டும். பழைய தையல் ஓட்டையிலேயே தைங்க, பக்கவாட்டுல குத்தாதீங்க.” பக்கவாட்டுத் தையல் போட்டால் புத்தகம் விரியாது. விரித்துப் பிடித்தால் மொறமொறத்த தாள் தையல் ஓரத்தில் ஒடிந்து விழும்.

பசையையும் கேளுங்கள். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது இங்கே வழக்கம். பூச்சி வராதுதான். ஆனால் அது செம்பு உப்பு. செம்பு தாளின் நாரை வேகமாக அரிக்கும், பசை பட்ட இடம் சில ஆண்டில் பழுப்பேறி நொறுங்கும். பழைய பைண்டின் முதுகுப்புறத்தில் இலேசான பச்சையும் அதை ஒட்டிய பழுப்புக் கோடும் கண்டால் காரணம் இதுதான். மயில்துத்தம் இல்லாமல் அன்றைக்குக் காய்ச்சிய பசை போதும், மெல்லிய கோட்டாகப் பூசினால் போதும். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. கோந்து தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி, பிளாஸ்டிக் மட்டும் உரிந்து வரும், கறை நிற்கும். ஜப்பான் டிஷ்யூ என்று கேட்டு வாங்கிய மெல்லிய நார்த்தாளைக் கையால் பிய்த்து, அதே பசையில் ஒட்டுங்கள். கத்தரியால் நறுக்கிய விளிம்பு புதிய ஒடிவை உண்டாக்கும், பிய்த்த விளிம்பின் நார் தாளோடு கலந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் டெல்டாவில் புத்தகத்துக்குச் சோதனை. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், நம் பக்கத்தில் வாரக்கணக்கில் 80-க்கு மேல் நிற்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள்ளேயே வையுங்கள். அலமாரி சுவரை ஒட்டாமல் மூன்று விரற்கடையாவது தள்ளி நிற்க வேண்டும், அடித்தட்டு தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில். இரும்பு பீரோ கறையானைத் தடுக்க நல்லது, ஈர நாளில் கெட்டது. மழை விட்ட நாளில் கதவைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் காயப்போடுவது வேண்டாம், தாள் மொறமொறத்துவிடும். சரசுவதி மகாலில் கையாளும் முறை ஒன்றை வீட்டிலும் செய்யலாம்: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, லவங்கப்பட்டை இவற்றைப் பொடித்து, சூடம் கலந்து, சிறு துணி முடிச்சாகக் கட்டித் தட்டில் வைப்பது. முடிச்சு தாளைத் தொடக்கூடாது, மணம் போனதும் மாற்றிவிடுங்கள். பச்சை வேப்பிலையை ஏட்டுக்குள் செருகுவது ஈரத்தையும் கறையையும்தான் தரும். சரசுவதி பூசையன்று மஞ்சள் தடவிச் சந்தனம் குங்குமம் வைப்பதையும் நூலின் மேல் நேராகச் செய்யாமல், ஒரு வெள்ளைத்தாள் உறை போட்டு அதன்மேல் வையுங்கள். அடைமழையில் குங்குமச் சாயம் முகப்புவரை இறங்கும்.

ராமபாணம் என்னும் பூச்சி துளைத்த நூல் கைக்கு வந்தால் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். தட்டினால் மாவு மாதிரி புதுத் தூள் கொட்டுகிறதா? பூச்சி உயிரோடு இருக்கிறது. புத்தகத்தைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஓரத்தை டேப்பால் அடைத்து, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போக வேண்டும், ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி பயன்படாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள், ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். பனிநீர் பைக்கு வெளியே கோக்கும், உள்ளே தாள் நனையாது. அவசரப்பட்டுப் பிரித்தால் பூச்சிக்குத் தப்பிய நூல் ஈரத்துக்குப் பலியாகும்.

வெள்ளத்தில் நனைந்தாலும் இதே ஃப்ரீசர்தான் கைகொடுக்கும். நனைந்த தாளை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போனால் கூழாகக் கையோடு வரும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும் என்பதால், ஒரே நேரத்தில் காயவைக்க முடியாத அளவுக்கு நூல் இருந்தால் மீதியை உறையவைத்து நேரம் வாங்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது வேதாரண்யம், நாகை பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, அப்படிப்பட்ட நேரத்தில் மின்விசிறியும் கிடையாது, ஃப்ரீசரும் கிடையாது. அதனால் மழைக்காலம் தொடங்குமுன்னே முதற்பதிப்புகளை மட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு உயரத்தில் ஏற்றிவிடுவது நல்லது. உலர்த்தும்போது இருபது இருபத்தைந்து தாளுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத்தாள் செருகி, ஈரம் ஏற ஏற மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

நூலக முத்திரை உள்ள பிரதி வந்தால், கழித்துவிட்டதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள், நூலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அதே தகரப்பெட்டியின் அடியில் ஓலைச்சுவடி கிடந்தால் அது விற்பனைச் சரக்கே கிடையாது. 75 ஆண்டு கடந்த இலக்கிய, வரலாற்றுச் சுவடி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டை அவிழ்க்காமல், எண்ணெய் எதுவும் தடவாமல், இருந்த வரிசை கலையாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றித் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ சரசுவதி மகாலுக்கோ கொண்டுபோங்கள். அங்கேயும் முதலில் பார்ப்பது முதல் ஓலையையும் கடைசி ஓலையையும்தான். எழுதியவர் பெயரும், எழுதி முடித்த ஆண்டும் மாதமும் பெரும்பாலும் கடைசி ஓலையில்தான் இருக்கும்.